உறையையும் கடிதத்தையும் பிரித்து விற்றது அநியாயம்

காரைக்குடிப் பழம்பொருள் கடைக் கடித விஷயம்தான். அங்கே விலைக்குப் போன பழைய கடிதங்களின் படத்தை நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போன பையன் தன் ஆத்தாளுக்கு எழுதியவை. உறைகள் முத்திரை சேகரிப்பவருக்கு, கடிதங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓட்டல் சுவருக்கு. விற்றதைக்கூட விடுங்கள், ஏன் பிரித்தீர்கள்?

போர்முனையிலிருந்து எழுதுகிறவன் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. எழுதினால் தணிக்கையில் அழித்துவிடுவார்கள். உறைமேல் குத்திய ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், அதாவது படையோடு போகும் தபால் நிலையத்தின் எண்ணை வைத்துத்தான் அவன் மணிப்பூர் இம்பாலில் இருந்தானா, பர்மாவின் அரக்கானில் இருந்தானா என்று தேட முடியும். உறை போனால் கடிதம் அநாதை.

எங்கள் ஐயாவின் தம்பியும் அந்தச் சண்டைக்குப் போனவர். அவர் கடிதம் ஒன்று வீட்டில் இருந்தது. 'இவ்விடம் க்ஷேமம்' என்று தொடங்கி, கண்மாய் பெருகியதா, மாடு கன்று போட்டதா என்று கேட்டு, நடுவில் ஒரு வரி முழுக்கக் கறுப்பு மை. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்து, "இதுல அந்தப் புள்ள என்ன எழுதுச்சோ" என்று கேட்கும்.

'அவர்கள் வீட்டுச் சாமான், விற்கிறார்கள், உனக்கென்ன?' என்கிறீர்கள். சரி. பங்கு பிரித்த வீட்டில் தூணும் நிலையும் விலைக்குப் போவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மராமத்துக்கு வழியில்லாதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பர்மாத் தேக்கைத் தட்டித் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு, பர்மாவிலிருந்து வந்த காகிதத்தை ஒரு தடவை படித்துப் பார்க்க முடியாதா?

'வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கியவன்தானே' என்று ஒருவர். பதில் சொல்லவே மனசு வரவில்லை. அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். இந்த வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம் வேறு யார் கொடுத்தார்கள்? பர்மா என்றால் நாம் லேவாதேவியையும், 1942-ல் ஜப்பான் படைக்குப் பயந்து நடந்தே திரும்பியவர்களையும் மட்டும்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அவர்கள் தப்பி வந்த மலைகளுக்குள் துப்பாக்கியோடு போன பையன்களை எந்த விழா மலரில் போட்டோம்? கல்லறைகூட இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே கல்லில் இருக்கின்றன. எங்கோ இருக்கிற நாட்டில் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். சொந்த ஊரில் அவன் கையெழுத்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே அலங்காரமாம்!

உறைகளை வாங்கியவர் இதைப் படித்தால், திருப்பித் தர வேண்டாம். இரண்டு பக்கமும் படமெடுத்து அந்த வீட்டுக்காரர்களுக்கு அனுப்புங்கள். உறைமேல் குத்திய அந்த எண் தெரிந்தால் போதும்.