இங்கிலீஷ் மிஸ் லீவு என்றால் பிள்ளைகள் வாயை மூட வேண்டுமா?

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூட்டமாக வந்து, ஒரே கைடை நீட்டி, "அண்ணே, இந்த நாலு பக்கம் மட்டும்" என்றால் அன்றைக்கு இங்கிலீஷ் டீச்சர் வரவில்லை என்று அர்த்தம். புக் பேக் கேள்வி-பதில் எல்லாவற்றையும் ஃபேர் நோட்டில் எழுதிவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். கைடு ஒரு பிள்ளையிடம்தான் இருக்கும், மற்றவர்களுக்கு ஜெராக்ஸ்.

போன வாரம் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் மார்ஜின், தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு, முத்து முத்தான எழுத்து. மூன்றாவது பதிலின் கடைசியில் 'சீ பேஜ் 42' என்று எழுதியிருந்தது. கைடில் அப்படி அச்சடித்திருக்கிறான், பிள்ளை அதையும் சேர்த்து எழுதியிருக்கிறது. "இந்த ஒரு வரியை வாசி பாப்பா" என்றேன். இரண்டு வார்த்தையை எழுத்துக்கூட்டிவிட்டு நின்றுவிட்டது. "மிஸ் எழுத மட்டும்தாண்ணே சொன்னாங்க" என்றது. அது சொன்னதில் தப்பே இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறது.

டீச்சர் லீவு எடுப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம், அது அவர்கள் உரிமை. அதைத் தவிர டீச்சர்கள் பள்ளியில் இல்லாமல் போகிற நாட்கள் முக்கால்வாசி அவர்கள் கேட்டு வாங்கியவை இல்லை. வட்டார வள மையத்தில் பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை, தேர்தல் பணி, பொதுத்தேர்வு வந்தால் வேறு பள்ளிக்குக் கண்காணிப்பாளர், அது முடிந்ததும் விடைத்தாள் திருத்த முகாம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளின் பரீட்சைக்காக ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். காலிப் பணியிடங்களுக்கு 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள், பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய். ஆனால் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிற டீச்சருக்கு மாற்றாக யாரும் வெளியிலிருந்து வரப்போவதில்லை. அந்த நேரம் ஃப்ரீயாக இருக்கிற கணக்கு சாரோ, சயின்ஸ் டீச்சரோதான் வந்து உட்காருவார்கள்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வந்து உட்காருகிறவருக்கு அவர் வேலை தலைக்கு மேல் கிடக்கும், பக்கத்து வகுப்பில் பாடம் நடக்கும், எச்.எம். ரவுண்ட்ஸ் வருவார். அவர் வேண்டுவது ஒன்றுதான், சத்தம் வரக்கூடாது. அதற்குத் தோதாகத்தான் லீவு வேலையே கொடுக்கப்படுகிறது. பாடத்தைப் பார்த்து எழுது, மெமரி போயத்தை மூன்று தடவை எழுது, லெட்டரை எழுது. லீடர் போர்டு பக்கம் நின்றுகொண்டு பேசுகிறவர்கள் பேரை எழுதுவான். ஒரு மொழிப் பாட வகுப்பில் பேசியவனுக்குத் தண்டனை, வாயைத் திறக்காதவன் நல்ல பையன். கணக்கு என்றால்கூட தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம், மொழியை வாயை மூடிக்கொண்டு எப்படிக் கற்பது? வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு பீரியடுதான் உண்டு, அதிலும் பேசாதே என்றால் வேறு எங்கே போய்ப் பேசும்? பத்தாவது பொதுத்தேர்வில் இங்கிலீஷுக்கு நூறு மார்க்கும் பேப்பரில்தான், 35 எடுத்தால் பாஸ், ஒரு வாக்கியம் பேசிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தக் குறை பரீட்சையில் தெரியவே தெரியாது. காலேஜுக்குப் போன பிறகு, வேலைக்கு இன்டர்வியூ போன பிறகுதான் தெரியும்.

நானும் பி.எட். முடித்துவிட்டு பிடிஏ என்கிற பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிக ஆசிரியராக இங்கிலீஷ் எடுத்தவன்தான். வெளியே போக வேண்டிய நாளில் நான் கொடுத்துவிட்டுப் போன வேலை இது. பாடத்திலிருந்து ஆறேழு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, வகுப்புக்கு வெளியே வராந்தா சுவரில் ஒட்டிவிடுவேன். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவன் ஓடிப்போய் ஒரு வரியை வாசித்து, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல, இன்னொருவன் கேட்டு எழுதுவான். பாதியில் ஆள் மாறிக்கொள்வார்கள். முடித்ததும் புத்தகத்தைத் திறந்து அவர்களே திருத்திக்கொள்ளலாம், டீச்சர் தேவையில்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை, ரன்னிங் டிக்டேஷன் என்று ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற பல நாடுகளில் செய்வதுதான். ஒரே பீரியடில் வாசிப்பு, ஞாபகம், உச்சரிப்பு, கேட்டல், ஸ்பெல்லிங் எல்லாம் வந்துவிடும். கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் ஓடுவான். சத்தம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. வேப்பமரத்தடிக்கு அனுப்புங்கள், அல்லது அந்த ஒரு பீரியடு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாள் லீவு என்றால் வீட்டிலிருக்கிற இங்கிலீஷைத் தேடி வரச் சொல்லலாம். நம் பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷ் புத்தகம் இருக்காது, ஆனால் மாத்திரை அட்டையில் இருக்கிறது, பால் பாக்கெட்டில், விதை பாக்கெட்டில், உர மூட்டையில் இருக்கிறது. ஒரு பையன் உர மூட்டையில் 'யூஸ் நோ ஹூக்ஸ்' என்று இருந்ததை எழுதி வந்தான். கொக்கி போட்டுத் தூக்கினால் சாக்கு கிழிந்து உரம் கொட்டும் என்பதை லோடுமேன் வேலை பார்க்கிற அவன் தாத்தாவே அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதை வகுப்பில் எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்ல முயற்சி செய்தான், தப்பும் தவறுமாகத்தான், ஆனால் சொல்லி முடித்தான்.

இப்போது இன்னொரு கொடுமை. 'என் ஊர்' என்று கட்டுரை கொடுத்தால் போனில் ஏஐ-யிடம் கேட்டு எடுத்து என் கடைக்கே பிரிண்ட் எடுக்க அனுப்புகிறார்கள். ஊருக்கு நடுவே தெளிந்த ஆறு ஓடுகிறதாம், கரையெல்லாம் பச்சைப் புல்வெளியாம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்களா, கண்மாய் பெருகுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்ப்பிள்ளை எழுதுகிற கட்டுரையா அது? அதற்குப் பதில், அம்மாவிடம் ஐந்து கேள்வி தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் ஐந்து வாக்கியமாக எழுதி வா என்று சொல்லுங்கள். மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிற அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், விடிவதற்குள் ஏன் மொட்டைப் பறித்துவிட வேண்டும், நேற்று மாட்டுத்தாவணியில் கிலோ என்ன விலைக்குப் போனது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பொது அறிவுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளை, அதே பூவைப் பறிக்கிற தன் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வரி எழுதியதே இல்லை. இந்தப் பதில் எந்தக் கைடிலும் கிடையாது, பக்கத்துப் பிள்ளை நோட்டிலும் கிடையாது.

தப்பாக எழுதுமே, தப்பாகவே பழகிவிடுமே என்று கேட்பார்கள். எழுதட்டும். அந்தத் தப்பைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு எது வரவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். கைடைப் பார்த்து எழுதிய நோட்டில் தப்பே இருக்காது, அதைத் திருத்தி என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஒன்று மட்டும் வேண்டும், திரும்பி வந்த டீச்சர் அதைப் படிக்க வேண்டும். நாற்பது நோட்டிலும் வெறும் டிக் போட்டுத் தேதி எழுதிவிட்டால் அடுத்த தடவை ஒரு பிள்ளையும் மெனக்கெடாது. எல்லாவற்றையும் திருத்த நேரமில்லை என்றால் வந்த அன்றே பத்துப் பேரை எழுப்பி வாசிக்கச் சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கோ திருத்தலுக்கோ போவதற்கு முந்தின நாள் இந்த மாதிரி வேலையை ஒரு பக்கத்தில் எழுதி, லீடரிடம் என் கடைக்குக் கொடுத்தனுப்புங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளையோ அத்தனை பிரதி போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.