கேலி அல்ல, அது அவர்களுடைய ஊர்

பிபிசியின் 'திஸ் கன்ட்ரி' என்ற நகைச்சுவைத் தொடரில் இரண்டு அத்தியாயம் பார்த்த நண்பர் ஒருவர், "கிராமத்து ஏழைகளைக் கேலி செய்து பிழைக்கிறார்கள்" என்றார். அந்தச் சொல் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

கதை நடப்பது இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில். தேன்நிறக் கல்வீடுகளைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். வசதி படைத்தவர்கள் இரண்டாவது வீடு வாங்கிப் போடும் இடமும்கூட. அதே ஊரில்தான் வேலையும் இல்லாமல், போக்கிடமும் இல்லாமல் பொழுதைத் தள்ளுகிறார்கள் கெர்ரியும் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரன் கர்ட்டனும். ஆவணப்படக் குழு ஒன்று அவர்கள் பின்னாலேயே அலைவதுபோல் எடுத்திருக்கிறார்கள்.

தொடரை எழுதி, கெர்ரியாகவும் கர்ட்டனாகவும் நடித்த டெய்சி மே கூப்பரும் சார்லி கூப்பரும் உடன்பிறந்தவர்கள். அதே பகுதியிலுள்ள சைரன்செஸ்டரில் வளர்ந்தவர்கள். கையில் காசில்லாமல் பெற்றோர் வீட்டில் ஒரே அறையில் இருந்துகொண்டு, இரவில் துப்புரவு வேலைக்குப் போனவர்கள். இவர்கள் யாரைக் கேலி செய்வார்கள்?

கெர்ரியின் அம்மாவை நாம் பார்ப்பதே இல்லை. மாடியிலிருந்து "கெர்ரி!" என்று ஒரு கரகரத்த குரல் மட்டும் வரும். மகள் கீழேயிருந்து பதிலுக்குக் கத்துவாள். அந்த வீட்டின் மொத்த வாழ்க்கையும் அந்தக் கத்தலில் இருக்கிறது. அம்மாவின் குரலும் டெய்சியுடையதுதான்.

அப்பா கதை வேறு. கெர்ரிக்கு அவர் என்றால் உயிர். அவருக்கு அவள் ஒரு பொருட்டே அல்ல. அவர் எத்தனை முறை உதறினாலும் கேமராவைப் பார்த்து அவர் பெருமையையே பேசுவாள். அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, தொண்டை அடைத்தது. அந்த வேடத்தில் நடித்த பால் கூப்பர், டெய்சியையும் சார்லியையும் பெற்ற தந்தை. சொந்த மகளைப் பார்த்து அப்படி அலட்சியமாகப் பேசி நடிக்க எத்தனை நம்பிக்கை வேண்டும்!

2017 பிப்ரவரியில் தொடர் வெளியானபோது, அதை வெளியிட்ட பிபிசியின் பிபிசி த்ரீ அலைவரிசை இணையத்தில் மட்டுமே இயங்கியது. பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் வளர்ந்தது. 2018இல் பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருது விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதும் டெய்சிக்கு நடிகை விருதும் கிடைத்தன. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவர் குப்பைப் பைகளால் செய்த உடையில் வந்தார். விலையுயர்ந்த உடைக்கு ஆகும் பணம் ஏழைகளுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிக்குப் போனது. வறுமையைச் சரக்காக மட்டும் பார்ப்பவர் செய்கிற காரியமா இது?

ஸ்லக்ஸ் என்ற பாத்திரத்தில் வந்த மைக்கேல் ஸ்லெக்ஸ் 2019 ஜூலையில், 33 வயதில் இறந்துபோனார். 2020இல் வந்த மூன்றாவது பருவம், கதையிலும் அவரை இழந்த துக்கத்தோடு தொடங்குகிறது. நண்பரிடம் அந்த அத்தியாயம்வரை பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன்.