தீவு மூழ்கும் முன்னே கிணறு உப்பாகிவிடும்

2021 நவம்பரில் பசிபிக் தீவு நாடான துவாலுவின் அமைச்சர் சைமன் கோஃபே கோட்டு, டையோடு கடலுக்குள் நின்று உலக நாடுகளிடம் பேசிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர் அப்படி நின்றதில் தவறே இல்லை. ஆனால் அதைப் பார்த்த நம் மனதில் ஒரு தப்பான படம் ஒட்டிக்கொண்டது: தொட்டியில் தண்ணீர் ஏற ஏற அதிலுள்ள கல் முங்குவதுபோல, கடல் ஏற ஏறத் தீவும் முங்கும் என்று. பவளத்தீவு கல் இல்லை.

இப்படிப்பட்ட பவளத்தீவு வளையத்தைக் குறிக்கும் அடோல் என்ற சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழி உலகத்துக்குக் கொடுத்தது. நடுவே காயல், சுற்றிலும் வளையமாகப் பவளத்திட்டு, அதன்மேல் அங்கங்கே மணல் மேடுகள். எரிமலைத் தீவு ஒன்று மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பில் இருந்த பவளம் மட்டும் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததால் கிடைத்த வளையம் இது என்று டார்வின் 1842-இல் புத்தகமாக எழுதினார். நம்பாதவர்களும் இருந்தார்கள். துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் 1896 முதல் 1898 வரை துளைத்துப் பார்த்தார்கள். சுமார் 340 மீட்டர் போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. கடைசியில், அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்த அதே 1952-இல், அதே எனிவெட்டோக் அடோலில், 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் செத்து எழுபது வருஷம் கழித்து ஜெயித்தார்.

ஆக, மேலே நாம் பார்க்கிற நிலம் வெறும் மணலும் பவளச் சிதைவும்தான். மாலத்தீவின் வக்கரு தீவைச் சுற்றி ஆய்வு செய்தபோது, புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதம் கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துக் கழித்தது என்று தெரிந்தது. (தேனிலவுப் படங்களில் வரும் அந்த வெள்ளைக் கடற்கரை மீனின் எச்சம். சொன்னால் கோபிக்கிறார்கள்.) 1972-இல் பெபே புயல் ஃபுனாஃபுட்டியில் வீடுகளை வாரிக்கொண்டு போனது, அதே புயல் பவளச் சிதைவை அள்ளி, 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேட்டையும் போட்டுவிட்டுப் போனது. எடுப்பதும் கொடுப்பதும் அலைதான்.

அதனால்தான் 2018-இல் வந்த ஆய்வு எனக்கு அதிர்ச்சி தரவில்லை. துவாலுவின் 101 தீவுகளைப் பழைய வான்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 1971-க்கும் 2014-க்கும் இடையில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. கடல் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. உடனே ஒரு கூட்டம், "பார்த்தீர்களா, எல்லாம் புளுகு" என்று கிளம்பியது. அவர்களோடு எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. தீவு ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் வளரலாம், இடம்கூட மாறலாம். வீடும் விமான ஓடுதளமும் கூடவே நகர்ந்து வருமா? பவளம் வெளிறிச் செத்தால் மணலுக்கு எங்கே போவது? நகராமல் இருக்க மாலத்தீவின் மாலேயைப்போலச் சுற்றிலும் சுவர் கட்டலாம்தான். தலைநகருக்கு வேறு வழியில்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் தீவுக்கு அலை மணல் கொண்டுவந்து கொட்டாது.

எனக்கு உண்மையான பயம் தண்ணீரைப் பற்றித்தான். அடோலில் ஆறு கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. உப்புநீர் கனமானது என்பதால், ஏட்டுக்கணக்கில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் இருக்க வேண்டும். ஆனால் அகலம் குறைந்த, ஓட்டை நிறைந்த பவளத்தரையில் அவ்வளவு எங்கே நிற்கும்? பெரிய அலை ஒன்று தீவைத் தாண்டி அடித்தால் போதும், வில்லை உப்பாகிவிடும். தேறிவர மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். துவாலுவில் குழி வெட்டி, அதில் ஊறும் நன்னீரில் புலாக்கா என்ற சேப்பங்கிழங்கு வகையைப் பயிரிடுகிறார்கள். குழிக்குள் உப்பு ஏறினால் பயிர் போச்சு. வரைபடத்தில் தீவு அப்படியே இருக்கும், பரப்புகூடக் கூடியிருக்கும்.

ஆஸ்திரேலியா ஓர் ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 280 துவாலு மக்களுக்கு நிரந்தரமாகக் குடியிருக்க விசா தருகிறது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் பதினோராயிரம்தான். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். நிலம் 2.9 சதவீதம் கூடிய அதே நாட்டில்.