நாற்பது குரலும் ஒரு கூடமும்

போன வாரம் ஈசூனில் ரயில் ஏறியதும் மகள் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, "பத்து நிமிஷம் பேசாம கேளும்மா" என்றாள். அவள் உயர்நிலைப் பள்ளி கொயரில் பாடுகிறாள். கேட்கச் சொன்னது தாமஸ் டாலிஸ் 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதிய 'ஸ்பெம் இன் ஏலியம்'. ஐந்தைந்து பேராக 8 குழு, மொத்தம் 40 குரல், ஒவ்வொரு குரலுக்கும் தனி ஸ்வர வரிசை. லத்தீன் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெரிய கல் கூடத்தில் மனிதர்கள் வளைந்து நிற்பது தெரிந்தது, பாட்டு இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்துக்கு நகர்வது தெரிந்தது, எல்லாரும் சேர்கிற இடத்தில் கட்டடமே பாடியது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

அப்போதிலிருந்து ஒரே ஆதங்கம். தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளான நம் பஞ்சரத்தினத்தை ஏன் யாரும் இப்படிப் பதிவு செய்வதில்லை?

இரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு பஞ்சரத்தினப் பதிவில் பாடினேன். சின்ன ஸ்டூடியோ, ஒரு தடவைக்கு நாலு பேர், காதில் மின்னணுத் தம்புரா. மற்றவர்கள் குரலே கேட்காமல் பாடினோம். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு எடுத்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று கௌளை ராகம். அதன் ரிஷபம், அதாவது 'ரி' ஸ்வரம், வழக்கமான சுத்த ரிஷபத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும், கௌளைக்கு அழகே அதுதான், அதைப் பிடிக்கவே எங்கள் டீச்சரிடம் எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறோம். மென்பொருளுக்கு அது பிழை. இழுத்துப் பியானோ கட்டையில் உட்கார வைத்துவிட்டது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகமெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. கேட்டபோது அழுகையே வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுருதியின் உயரத்தைக் கட்டை என்போம். ஆண்களுக்கு ஒரு கட்டை ஒத்துவரும், பெண்களுக்கு ஐந்து கட்டை. எல்லாரும் ஒரே சுருதியில் பாடினால் யாராவது ஒரு தரப்பு தவிக்கும். மேற்கத்திய கொயரில் மேல்குரல், கீழ்குரல் என்று ஆளுக்கொரு வரிசை இருப்பதால் அந்தத் தவிப்பு இல்லை. அதற்காக நாமும் கீர்த்தனையை நாலு குரலாக உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்கள் ஒரு கீர்த்தனை, பெண்கள் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம், அல்லது சரணங்களைப் பிரித்துப் பாடலாம். முதலில் இது யோசிக்க வேண்டிய விஷயம் என்று யாராவது நினைக்க வேண்டும்.

"நம்முடையது தனிக்குரல் இசை, கூட்டமாகப் பாடினால் நுணுக்கம் போய்விடும்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பஜனை மடமும் திருப்புகழ்க் கூட்டமும் யாருடையது? திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை அன்று நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பாடுவது என்ன? இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி பாரதி பாடல்களைப் பாட வைத்தாரே. இவ்வளவு ஏன், நம் ஊரிலேயே சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும் 1985இல் தொடங்கியது. மரபும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள், பதிவு செய்கிற விதத்தில்தான் அக்கறை இல்லை.

கச்சேரிப் பதிவுகளும் அப்படித்தான். பாடுபவர் உதட்டருகே ஒரு மைக், வயலினில் ஒட்டிய இன்னொன்று, அப்புறம் மேலே செயற்கை எதிரொலி. பாடகர் நம் காதுக்குள் உட்கார்ந்து பாடுகிறார், ஆனால் எந்த இடத்திலும் இல்லை. இத்தனைக்கும் இங்கே சிங்கப்பூரில் எஸ்பிளனேட் இசை அரங்கின் ஒலியமைப்பை ரசல் ஜான்சன் என்ற மேதை வடிவமைத்திருக்கிறார், சுவருக்குப் பின்னால் எதிரொலி அறைகளே இருக்கின்றன. அங்கே ஒரு நாள் ஆளில்லாத நேரத்தில் முப்பது பேர் நின்று, நாலு மீட்டர் தள்ளி இரண்டே மைக் வைத்து, திருத்தாமல் பாடினால் எப்படி இருக்கும்! வாடகை நம்மால் கட்டுப்படியாகாது, தெரியும். சரி, உயரமான கூரை உள்ள ஒரு சமூக மன்ற மண்டபமோ பள்ளி மண்டபமோ போதும், மின்விசிறியை நிறுத்திவிடலாம்.

பஞ்சரத்தினம் பாடமாக உள்ளவர்கள், குறிப்பாக ஆண்கள், உள்பெட்டியில் எழுதுங்கள். ஆராதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தம்புரா என்னிடம் இருக்கிறது, தந்தி மட்டும் மாற்ற வேண்டும்.