கோதுமையைத் தள்ளிப்போட்டால் மட்டும் போதுமா?

கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிப்படைவதே செலியாக் நோய். ஒரு வயது வரை கோதுமை தராவிட்டால் குழந்தைக்கு இந்நோய் வராது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க இயலவில்லை. குடும்பத்தில் இந்நோய் உள்ள குழந்தைகளிடம் ஐரோப்பாவில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட இரண்டு ஆய்வுகளில், நான்காம் மாதமே சிறிதளவு குளூட்டன் கொடுத்ததும் நோயைத் தடுக்கவில்லை. பன்னிரண்டு மாதம் வரை தள்ளிப்போட்டதும் நோயின் தொடக்கத்தைத் தாமதப்படுத்தியதே தவிர, ஐந்து வயதில் நோயுற்றோர் விகிதத்தைக் குறைக்கவில்லை. தாய்ப்பாலும் இந்நோய்க்குக் காப்பாகவில்லை என்பது எனக்கு வருத்தமளித்த முடிவு. தாய்ப்பாலூட்ட வேறு வலுவான காரணங்கள் இருக்கவே செய்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது உண்ணும் கோதுமையின் அளவு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வின்படி, நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகைகள் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உள்ளன. நோயோ வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலேயே காணப்பட்டது. தெற்கில் கோதுமை உண்பது மிகக் குறைவு என்பதே அதற்கு முதன்மையான விளக்கம். ஆனால் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் கோதுமை மாவில் செய்யும் வர்க்கியையும் பிஸ்கட்டையும் பாலில் நனைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டுவது சாதாரணம்; மலையில் முன்பு விளைந்த பார்லியிலும் குளூட்டன் உண்டு. ஆகவே இங்குள்ள மருத்துவர்கள் இதை வடநாட்டு நோய் என்று ஒதுக்கக் கூடாது. எடை ஏறாமல், வயிறு உப்பி, தொடர்ந்து வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை செய்யும் முன் பெற்றோர் தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.