கேம் டெவலப்பர் ஆக எந்தக் கோர்ஸ்?

மலேசியாவில் பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்தாலே என் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "தம்பி, பையன் எந்நேரமும் கேம்தான், அதையே படிக்க வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம் அக்கா. ஆனால் கோர்ஸ் பெயரில் 'கேம்' என்று இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

புரோகிராம் கோடு எழுதப் பிடித்த பிள்ளை என்றால் என் ஓட்டு கணினி அறிவியலுக்குத்தான். புக்கிட் ஜாலிலில் ஏபியு பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் கேமுக்கென்றே பட்டப்படிப்பு உண்டு, அதைக் குறை சொல்லவில்லை, பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள் என்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கி வைக்கும் முறை), லீனியர் அல்ஜீப்ரா (கணக்கு), சி பிளஸ் பிளஸ் (கோடு எழுதும் மொழி) மூன்றும் இருக்கிறதா? மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு அது மாறும்போது பிள்ளை அம்போ. 2023-ல், கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி, செய்த கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறது என்ற கணக்கில் கட்டணம் என்று அறிவித்ததும் பலர் கோடோ என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் தாவினார்கள், அடுத்த ஆண்டே யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. இந்தத் துறை அப்படித்தான். அதே சமயத்தில்தான் உலகம் முழுக்க ஸ்டூடியோக்கள் ஆட்களைக் குறைத்தன. கையில் பொதுவான கணினிப் பட்டம் இருந்தால் கொஞ்ச நாள் வங்கியிலாவது வேலை பார்க்கலாம், பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடன் நமக்காகக் காத்திருக்காது.

வரையும் பிள்ளைக்குக் கதை வேறு. இங்கே லெமன் ஸ்கை மாதிரி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்கு ஆர்ட் செய்து கொடுக்கின்றன, பல்டூர்ஸ் கேட் 3 என்ற கேமைச் செய்த லேரியன் நிறுவனத்துக்கும் கோலாலம்பூரில் ஸ்டூடியோ இருக்கிறது. இந்த வேலைக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை வரைந்ததன் தொகுப்புதான் பேசும், சான்றிதழ் அப்புறம்தான்.

எந்தப் பக்கம் போனாலும் காசு கட்டுவதற்கு முன்னால் பிள்ளை ஒரு குட்டி கேமையாவது முடிக்கட்டும். கோடோ இலவசம், சுமாரான லேப்டாப் போதும். ஒரு பொம்மை ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். செய்து பார்த்தால் தெரியும், விளிம்பைத் தாண்டிய பிறகும் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் குதிக்க அனுமதிக்காவிட்டால் விளையாடுகிறவர் "நான் அமுக்கினேனே!" என்று கத்துவார். அந்தச் சின்ன நேரத்தைக் கூட்டிக் குறைத்து, நாள் முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருக்க அவனுக்குப் பிடிக்கிறதா? பிடித்தால் சேர்த்துவிடுங்கள். அலுத்துப்போய் மறுபடி மொபைல் லெஜண்ட்ஸ் ஆடப் போய்விட்டால் அவனுக்கு விளையாடத்தான் பிடிக்கும், அதில் தப்பொன்றும் இல்லை, வேறு ஏதாவது படிக்கட்டும்.

ஓப்பன் டேக்குப் போனால் விஆர் கண்ணாடியைக் கொடுத்து அசத்தப் பார்ப்பார்கள். மாட்டிப் பாருங்கள், சரி, ஜாலியாகத்தான் இருக்கும். கழற்றிய கையோடு போன வருட இறுதியாண்டு மாணவர்கள் செய்த கேமை விளையாடக் கேளுங்கள், அந்த மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். மழுப்பினால் ஃபாரத்தை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த காலேஜுக்குக் கிளம்புங்கள்.