அழகு என்பதற்காக விட்டுவிட முடியுமா?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் ஊமை அன்னங்களைச் சுட்டுக் குறைத்தது சரியா என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்தபோது, சரிதான் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். கல்நெஞ்சக்காரன் என்ற பட்டம் உடனே கிடைத்தது.

செம்மஞ்சள் அலகும் அது நெற்றியோடு சேரும் இடத்தில் கரிய புடைப்பும் கொண்ட இந்தப் பறவை ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் உரியது. பெயர்தான் ஊமையே தவிர, கூட்டை நெருங்குபவரைப் பார்த்து அது நன்றாகவே சீறும். இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக அரச உடைமையாகக் கருதப்பட்டு, விருந்துகளில் பரிமாறப்பட்ட இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் செல்வந்தர்கள் தம் மாளிகைக் குளங்களுக்கு அலங்காரமாக வரவழைத்தார்கள். அப்படி வளர்க்கப்பட்டவற்றுள் ஐந்து பறவைகள் 1962 மார்ச்சில் மேரிலாந்தில் உள்ள செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் தப்பிவிட்டன. 1999இல் எண்ணியபோது மேரிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 4,000 இருந்தன.

நம் புலவர்களின் அன்னம் நீரை விட்டுப் பாலைப் பிரித்தெடுக்கும்; செசபீக் அன்னம் பிரித்தெடுத்தது நீரடிப் புல்லை, அதுவும் வேரோடு. வாலை மேலே தூக்கி, கழுத்து முழுவதையும் நீருக்குள் விட்டுப் பிடுங்கும் ஒரு பறவை, நாளொன்றுக்கு மூன்றரை கிலோ வரை தின்னக்கூடியது. அந்த மண்ணுக்கே உரிய துந்திரா அன்னமும் புல் தின்பதுதான் என்றாலும், அது குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் வடக்கே போய்விடும். ஊமை அன்னமோ ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால், புல் வளர்ந்து விதைவிடும் பருவத்திலேயே அதை மேய்ந்துவிடுகிறது. அந்தப் புல்லுக்குள்தான் நீல நண்டின் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. போதாததற்கு, 1990களின் தொடக்கத்தில் சிற்றாலா, ஸ்கிம்மர் என்னும் நீர்ப்பறவைகள் முட்டையிடும் மணல்திட்டுகளில் அன்னக் கூட்டம் ஏறி மிதித்து, அவை கூடுகட்டவே முடியாதபடி செய்தது.

அழகுக்கு வக்காலத்து வாங்க ஆள் இல்லாமலா போகும்? வலசைப் பறவைகளைக் கொல்வதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் ஊமை அன்னத்தையும் காக்கிறது என்று 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதர் கொண்டுவந்த அயல் பறவைகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2004இல் நாடாளுமன்றம் திருத்தியது. அதன்பின் மேரிலாந்தில் எண்ணிக்கை நூறுக்கும் கீழே இறங்கியது. இதே வேலையை ஒரு காட்டுப்பன்றியோ எலியோ செய்திருந்தால் நீதிமன்றப் படியை யார் ஏறியிருப்பார்கள் என்று என்னைத் திட்டிய நண்பர்களிடம் கேட்டேன். பதில் இல்லை.

இதில் எனக்கு மன உறுத்தலே இல்லை என்று சொல்லமாட்டேன். சுடுவதற்கு முன்பே அங்கு வேறொரு முறையும் நடந்துவந்தது: முட்டைகளின் மேல் தாவர எண்ணெய் தடவி, ஓட்டின் நுண்துளைகளை அடைத்து, கூட்டிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் தாய் மறுபடி முட்டையிடும் என்பதால்தான் அப்படி. அதுவோ, பொரியாத முட்டைகளின் மேல் வாரக்கணக்கில் அடைகாத்துக்கொண்டே இருக்கும்.